குக்கர் விசிலும் தாய்மொழியும்: ஆட்டிசம் குறித்த கேள்வி பதில்

(பதிலளிப்பவர் சிறப்பாசிரியர்; ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவரின் தாய்.)

திருச்சி: என் ஐந்து வயது மகன் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். மாமியார் இதை அடம் என்கிறார்.

அடம் அன்று. நமக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றுவது அவனுக்கு வலியாகவே இருக்கக்கூடும். அது எந்த நொடியில் வரும் என்று தெரியாதது அச்சத்தை இன்னும் கூட்டுகிறது. அடுப்பில் வைக்கும் முன் குக்கரின் படத்தைக் காட்டி, ‘மூன்று விசில், பிறகு முடிந்துவிடும்’ என்று சொல்லி, அவனை வாசல் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இரண்டு ஆண்டுகள் பானையில் வடித்த சோறுதான் சாப்பிட்டோம். என் மாமியாருக்கு அதில் மகிழ்ச்சியே.

சேலம்: ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாமா?

வேண்டாம். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அன்று. குணப்படுத்துகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கோவை: மூன்று வயது மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசும்படி சொல்கிறார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

நிறுத்தாதீர்கள். இருமொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகள் பேச்சில் பின்தங்குவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. குளிக்கும்போதும் தலை வாரும்போதும் ஊட்டும்போதும் நாளெல்லாம் அவளோடு பேசக்கூடிய பாட்டியை ஊமையாக்கிவிட்டு, வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பேச்சுப் பயிற்சியை மட்டும் நம்புவது எனக்குப் புரியாத கணக்கு.

பெங்களூரு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகன் யூடியூப் பார்த்து ஆங்கிலத்தில்தான் பேசுகிறான். அவன்மீது தமிழைத் திணிப்பானேன்?

திணிக்கச் சொல்லவில்லை ஐயா. இருப்பதைப் பிடுங்காதீர்கள் என்கிறேன். அவன் ஆங்கிலத்தில் சொல்வதை ஏற்று, அதே மொழியில் மறுமொழி கூறுங்கள். ஆனால் அவன் தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறான்?

பெங்களூரு: என் கையைப் பிடித்து ஃபில்டர் அருகே இழுத்துச் செல்வான்.

அதுவும் பேச்சுதான். அந்த நொடியில், யோசிக்காமல் உங்கள் வாயில் எந்தச் சொல் வருமோ அதையே சொல்லுங்கள்.

ஈரோடு: ஒட்டகப் பால் கொடுத்தால் சரியாகுமா?

இன்று இதே கேள்வி நான்காவது முறை. அது பால், மருந்தன்று. சேலத்தாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை: அரசு உதவிகள் என்னென்ன?

ஆட்டிசம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. முதலில் யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறுங்கள்; ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா எனும் மருத்துவக் காப்பீடும் உண்டு. மற்றவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நெல்லை: ஹோமியோபதி...

சேலம், ஈரோடு.

பெங்களூரு: மீண்டும் நான்தான். ‘தண்ணி’ என்று சொன்னேன். அவன் திரும்பச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுக் கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று தண்ணீரை மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.