50ஐத் தாண்டினால் ‘ஊ…’ என்று இரையும் கார்: பெயாரிங்கா, டயரா, கியர் பொக்ஸா?

நீங்கள் கேட்டது இதுதான்: டொயோட்டா அக்சியோ, 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் இருந்து ஓர் இரைச்சல். கராஜ் பாஸ் (மெக்கானிக்) பெயாரிங் என்கிறார், டயர் கடையில் டயர் என்கிறார்கள், தெரிந்த ஒருவர் கியர் பொக்ஸ் போய்விட்டது என்று பயமுறுத்துகிறார். கொழும்பில் யாரிடம் காட்டுவது, யார் சொல்வதை நம்புவது?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. தேய்ந்த சில்லு பெயாரிங்கும் (சில்லு தடையில்லாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்), ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும், கியர் பொக்ஸுக்குள் இருக்கும் பெயாரிங்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் கேட்கும். அதனால் காதை வைத்து இடத்தைச் சொல்லும் யாரையும் உடனே நம்பி ஒரு சாமானும் வாங்காதீர்கள். காரின் தகடும் தரையும் சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். பின் சில்லில் இருந்து வருவது முன்னால் கேட்கும், வலது இடதாகக் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதில் காது அவ்வளவாக ஏமாறாது. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

வீதியில் இறங்கும் முன் சில்லு நட்டுகளைப் பாருங்கள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால், டயர் மாற்றியிருந்தால், சத்தமும் அதற்குப் பிறகு தொடங்கியிருந்தால், இதைப் பார்க்காமல் ஒரு மீற்றர்கூட ஓட வேண்டாம். தளர்ந்த நட்டு மெதுவாகப் போகும்போது டக் டக் என்றும், வேகத்தில் ஒரு நடுக்கமாகவும் வரும். டொயோட்டாவின் சின்னக் கார்களுக்கு அந்த நிறுவனம் சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பும் கடைகளில், கடைசியாக டோர்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே டயரின் பள்ளங்களில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. நெரிசலான காலி வீதியில் (Galle Road) இது நடக்காத காரியம். ஞாயிறு காலை பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போனால், ஒரே வேகத்தில் நிதானமாகக் கேட்க முடியும். இரைச்சல் நன்றாகக் கேட்கும் வேகத்துக்கு வந்ததும் அக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். அப்புறம், பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சில விநாடி உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். பிறேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாகிவிடும். எஞ்சின் சுற்று ஐட்லுக்கு இறங்கிய பின்னும் சத்தம் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய மட்டும் மெல்ல இறங்கினால், அது சில்லோடு சுற்றும் ஏதோ ஒன்று: டயர், சில்லு பெயாரிங், பிறேக். எஞ்சின் சுற்றோடு சேர்ந்து சட்டென்று இறங்கினால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்று குரல் மாறினால் கியர் பொக்ஸ், டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது), அக்ஸல் பக்கம் சந்தேகப்படலாம். நீங்கள் சொல்லும் சத்தம் மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்றால், கியர் பொக்ஸ் என்று பயமுறுத்தியவரை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அடுத்தது வளைவு. நீளமான, மெதுவான வளைவு ஒன்றில் அதே வேகத்தில் போங்கள். கார் இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கில் சந்தேகம். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கத்தில். சில பெயாரிங்குகள் இதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்ளும், அதனால் இதை முடிவாக எடுக்காதீர்கள். டயர் இரைச்சல் வளைவில் அவ்வளவாக மாறாது. அது மாறுவது வீதியின் மேற்பரப்பைப் பொறுத்து. புதிதாகக் கார்ப்பெட் போட்ட வழவழப்பான வீதியில் குறைந்து, கரடுமுரடான பழைய தாரிலோ கொங்கிறீட்டிலோ எழும்பினால் டயர்தான் முதல் ஆள்.

மச்சானின் டொயோட்டா விட்ஸ் காரில் இதை நேரிலேயே பார்த்தேன். இரைச்சல் இடப்பக்கம் கேட்கிறது என்று ஒரு கராஜில் முன் இடது பெயாரிங்கைக் கழற்றிப் புதிது போட்டுக் காசும் வாங்கிவிட்டார்கள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அதிவேகப் பாதையில் கொண்டுபோய்ப் பார்த்தபோது இடப்பக்க வளைவில் கூடியது, வலப்பக்க வளைவில் கிட்டத்தட்ட அடங்கியது. வீட்டு வாசலில் முன் வலது சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம், ஆட்டமே இல்லை. கையால் சுற்றினால் காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெயாரிங் நல்லது என்று பலர் விட்டுவிடும் இடம் இதுதான். ஆனால் ஒரு கையை ஷொக் அப்சோபரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சில்லைச் சுற்றினால், அம்மியில் மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு விரல் நுனிக்கு வந்தது. இடது ஸ்பிரிங்கில் கை வைத்தால் ஒன்றுமே இல்லை. பெயாரிங்கை வெளியே எடுத்தபோது உள் வளையத்தில் குண்டுகள் ஓடும் தடம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது, கிறீஸ் தண்ணீர் கலந்து பழுப்பாகக் கிடந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் ஆமர் வீதி வெள்ளத்துக்குள் அந்தக் காரை ஓட்டியிருந்தார்.

இந்த ஸ்பிரிங் சோதனைக்குக் காசு செலவில்லை, எந்த கராஜிலும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லலாம். வீட்டில் செய்வதானால் தட்டையான தரை, மற்றச் சில்லுகளுக்குக் கல், ஜாக்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்ட். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே தலையையோ கையையோ விடாதீர்கள். முன்னால் தூக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹாண்ட் பிறேக் போட்டிருக்க வேண்டும். பின்னால் தூக்கும்போது கியர் பார்க்கில், ஹாண்ட் பிறேக் விட்டபடி. முன் சில்லு என்று கேட்டாலும் நாலையும் பாருங்கள்.

டயரைப் பார்ப்பது அதைவிட எளிது. உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகவும், குறுக்கே இரண்டு பக்கமாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் விளிம்பு கையில் தட்டினால் அது இறகு மாதிரித் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அலைன்மென்ட்டில் டோ, அதாவது சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, பிழை. மேடும் பள்ளமுமாகக் கை ஏறி இறங்கினால் ஷொக் அப்சோபர் களைத்திருக்கலாம். அலைன்மென்ட் செய்தவுடனே சத்தம் நிற்காது, ஏற்கனவே தேய்ந்த வடிவம் டயரில் இருக்கும். உறுதியாகத் தெரிய முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றுங்கள். சத்தத்தின் இடமோ குரலோ மாறினால் டயர். ஒன்றுமே மாறாவிட்டால் பெயாரிங் பக்கம் நெருங்கிவிட்டீர்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுடன் வரும் தொடரின் கடைசி நாலு இலக்கத்தையும் வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் இருப்பதை வைத்தே ஓட்டியவர்கள் நிறையப் பேர், அதனால் பழைய டயர் என்பது இங்கே சாதாரணச் சங்கதி.

உங்கள் சத்தம் இரைச்சல் இல்லாமல் கடக் கடக் என்றிருந்தால் கதை வேறு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிதித்துத் திருப்பும்போது மட்டும் வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜொயின்ட் (அக்ஸல் நுனியில் சில்லோடு மடங்கிச் சுற்றும் மூட்டு). அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சில்லின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் தெறித்திருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும். நேராக வேகமெடுக்கும்போது கார் நடுங்கி, மிதியை விட்டதும் நின்றால் உட்பக்க ஜொயின்ட்.

தாளமாக வரும் சத்தத்துக்குச் சின்ன ஒரு கணக்கு உதவும். 175/65ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீற்றர் ஓடும். 20 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று. அந்த வேகத்தில் விநாடிக்கு மூன்று தட்டு கேட்டால் சில்லோடு ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் பிழை: டயரில் வீக்கம், வளைந்த ரிம், ஒட்டியிருக்கும் கல். ஹயேஸ் மாதிரிப் பின் சில்லு இழுக்கும் வான்களில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பொக்ஸில் இருந்து பின்னுக்குப் போகும் நீளத் தண்டு) சில்லைவிடச் சுமார் நாலு மடங்கு வேகமாகச் சுற்றும், ஆகவே அதன் ஜொயின்ட் சத்தமும் அதே அளவு அடுக்கடுக்காக வரும்.

பயப்படத் தேவையில்லாதவையும் உண்டு. இரவு மழைக்குப் பிறகு, கடற்காற்று படும் வெள்ளவத்தைப் பக்கம் நிறுத்திய காரில் முதல் ஓரிரு பிறேக்குக்கு வரும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். திடீரென்று தகரம் உரசும் பயங்கரச் சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். அக்குவா, ப்ரியஸ் மாதிரி ஹைப்ரிட்களில் பிறேக் மிதிக்கும்போது வரும் மெல்லிய ‘ஈ…’ மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றும் சத்தம், அதற்காக யாரும் பெயாரிங் மாற்ற வேண்டாம்.

பெயாரிங்தான் என்று தெரிந்துவிட்டால், மாற்றும் விதத்தில் கண் வையுங்கள். பல ஜப்பான் கார்களில் பின் சில்லுக்கு ஹப்போடு (சில்லைப் பூட்டும் நடுப்பாகம்) சேர்ந்த யூனிட் நாலு போல்ட்டில் வரும், வேலை சுலபம். முன்னால் நக்கிளுக்குள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் இரும்புப் பிடி) அழுத்திப் போடுவது. அதைப் பிரஸ்ஸில், வெளி வளையத்தைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்தாலோ, உள் வளையத்தில் அழுத்தினாலோ அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், புதுப் பெயாரிங் முதல் நாளே காயப்பட்டுவிடும். சில பெயாரிங்குகளில் ஏ.பி.எஸ். சென்சருக்கான காந்த வளையம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், மாறிப் போட்டால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். சாமானைப் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், ஆனால் பழைய பெயாரிங்கைக் கையோடு கொண்டுபோய் அதன் விளிம்பில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள். என்.எஸ்.கே., என்.டி.என்., கோயோ என்று ஜப்பான் கம்பனிப் பெயர் பெட்டியில் அச்சடித்திருப்பது மட்டும் போதாது. போலிகள் உண்டு, பெயாரிங்கிலேயே பொறித்திருப்பதையும் பாருங்கள். கழற்றிய பழைய அக்ஸலைச் சோதித்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய பெயாரிங்கை மட்டும் வாங்காதீர்கள், அது எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

இரைச்சல் மட்டும் என்றால் வேலைக்குப் போய்வந்து, இந்தக் கிழமைக்குள் பார்த்துக்கொள்ளலாம். அதிவேகப் பாதையில் தூரப் பயணம் வேண்டாம். சில்லைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ, கரகரவென்று அரைத்தாலோ, ஒரு சில்லு மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்திக் கராஜுக்கு ஏற்றி அனுப்புங்கள். பாஸிடம் போகும்போது ‘பெயாரிங் மாற்றுங்கள்’ என்று சொல்லாமல், எந்த வேகத்தில் வருகிறது, நியூட்ரலில் என்ன ஆனது, எந்தப் பக்கம் வளையும்போது கூடியது என்று சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.