தூங்கும் ராட்சதன், செத்த மனிதன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் கார்க் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மே மாதம் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். மூன்று நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். காரில் மேற்குக் கடற்கரையைக் காட்டத் திட்டம். ரிங் ஆஃப் கெர்ரி, டிங்கிள், மோஹர் பாறைகள், கானமாரா, முடிந்தால் வடக்கே ஜயண்ட்ஸ் காஸ்வே. மொத்தம் 17 இடங்கள், எக்செல் தாளாக இணைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்த வரிசையில் போகலாம்? இன்னொன்று, டிங்கிள் பக்கம் வழிகாட்டிப் பலகைகள் ஐரிஷில் மட்டும்தான் இருக்கின்றனவாம். வருகிறவர்களுக்காக ஆங்கிலத்திலும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஆர்., கார்க்

அன்புள்ள ஆர்.,

தாளைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது வரியில் ‘டன்குவின் துறை, 15 நிமிடம்’ என்று இருக்கிறது. முழங்கால் வலிக்காரரைப் பாறைக்குக் கீழே இருக்கும் அந்தப் படகுத்துறைக்கு 15 நிமிடத்தில் இறக்கி ஏற்றுவதற்கு நீங்கள் அவரைத் தோளில்தான் தூக்க வேண்டும். அப்பா, அம்மாவுக்கு ஊரைக் காட்டப் போகிறீர்களா, கூரியர் பட்டுவாடா செய்யப் போகிறீர்களா?

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். காஸ்வேயை அடித்துவிடுங்கள். அது தீவின் வடகோடி, ஆட்சியும் பிரிட்டனுடையது. கானமாராவையும் அடியுங்கள். ரிங் ஆஃப் கெர்ரி 179 கிலோமீட்டர், பாதிநேரம் முன்னால் போகும் சுற்றுலாப் பேருந்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மூன்று நாளும் டிங்கிள் தீபகற்பத்திலேயே இருங்கள். கார்க்கிலிருந்து 150 கிலோமீட்டர் வாக்கில்தான் வரும். முனையைச் சுற்றிவரும் ஸ்லே ஹெட் பாதை 50 கிலோமீட்டர்கூட இல்லை. கடிகாரச் சுற்றில் போங்கள், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். பல இடங்களில் பாதை ஒரு கார் அகலம்தான். ஒரு வளைவில் மலையோடை தார்ச்சாலைக்கு மேலேயே ஓடுகிறது, பயப்படாமல் மெதுவாகக் கடக்கலாம். எனக்கு வாய்த்தது வாடகைக் கார். அதன் இடப்பக்கக் கண்ணாடியை அங்கே ஒரு கல்சுவருக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தேன். மோஹரை விட மனமே வரவில்லை என்றால் மூன்றாம் நாள் டார்பர்ட்டில் காரோடு படகேறி ஷானன் ஆற்றைக் கடந்துகொள்ளுங்கள். சரி, வரிசை முடிந்தது.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிங்கிள் பக்கம் நான் தங்கிய வீட்டுக்கார அம்மாள் அறுபதைத் தாண்டியவர். ‘நாளைக்கு எங்கே?’ என்றார். ‘ஸ்லே ஹெட்’ என்றேன். அடுப்படியில் இருந்த கணவரிடம் திரும்பி ‘கியவுன் ஷ்லேவெ’ என்று ஏதோ சொன்னார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். முட்டை அட்டையின் மூடியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் எழுதிக் காட்டினார். கியவுன் என்றால் தலை. ஷ்லேவெ என்றால் மலையினுடைய. மலைத்தலை, அவ்வளவுதான். வரைபடக்காரர்கள் தலையை மட்டும் ‘ஹெட்’ என்று மொழிபெயர்த்தார்கள். மலையை மொழிபெயர்க்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. வாலை நறுக்கி ‘ஸ்லே’ ஆக்கினார்கள். பாதி மொழிபெயர்ப்பு, பாதி ஊனம். ‘Slea’ என்று எழுதும் அந்த ‘ஸ்லே’வுக்கு ஆங்கிலத்தில் என்ன பொருள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒன்றும் இல்லை.

1824இல் தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவையின் வேலை இது. ராணுவத்தார் சங்கிலி பிடித்து அயர்லாந்து முழுக்க அளந்தார்கள். அளவையின் ஆதாரக் கோட்டை அளக்க அவர்கள் செய்த, வெப்பத்தில் நீளம் மாறாத உலோகக் கம்பிகள் பிற்பாடு நம் நாட்டு அளவைக்கும் வந்து சேர்ந்தன. பரங்கிமலையில் தொடங்கியதே, அந்த அளவைதான். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று பரிந்துரைத்தவர் ஐரிஷ் அறிஞரான ஜான் ஓ’டோனவன். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு, மூல வடிவங்களையும் அவரே குறித்துவைத்தார். பெயர்களை ஆங்கில நாக்குக்கு வளைத்த கையும் காப்பாற்றிய கையும் ஒன்றே. அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

பலகையில் ஆங்கிலம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்களே கேட்ட கேள்விதான். ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் 2005இல் ‘டிங்கிள்’ என்ற பெயரைச் சட்டப்படி எடுத்துவிட்டு ‘அன் டாங்கியன்’ என்று மட்டும் வைத்தார்கள். விடுதிக்காரர்கள் கொதித்தார்கள். பலகைகளில் கையாலேயே ‘டிங்கிள்’ என்று பெயின்ட் அடித்தவர்களும் உண்டு. 2006இல் ஊர் வாக்கெடுப்பு நடந்தது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருமொழிப் பெயருக்கே கைதூக்கினார்கள். அந்த அம்மாளும் அதற்குத்தான் போட்டாராம். நான் ஐரிஷுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்தபோது, ‘நீங்கள் நாளை மறுநாள் போய்விடுவீர்கள்’ என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் ஆர்., அவர் கேட்பது வேறு, நீங்கள் கேட்பது வேறு. அவருக்கு இரண்டு பெயரும் தெரியும். உங்களுக்கு ஒன்று போதும் என்கிறீர்கள்.

டன்குவினுக்கு வருகிறேன். அதன் பெயர் டூன் ஹீன். பாறையைக் குடைந்தாற்போல சிமென்ட் பாதை பாம்பாக வளைந்து கீழே இறங்குகிறது. காரை இறக்கிவிடாதீர்கள். கீழே ‘நேவோக்’ படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மெல்லிய மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசிய படகு. விரலால் தொட்டேன், வெயிலில் தார் இளகி ஒட்டியது. எதிரே இரண்டு கிலோமீட்டரில் பிளாஸ்கட் பெருந்தீவு. 1947 ஜனவரியில் அங்கே ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் செத்தார், கடல் கொந்தளிப்பில் மருத்துவர் போய்ச்சேர வழியில்லை. 1953 நவம்பர் 17 அன்று, மிச்சமிருந்த 22 பேரையும் கரைக்குக் கொண்டுவர அரசாங்கம் படகு அனுப்பியது. பலருக்கு இந்தக் கரையிலேயே வீடு கிடைத்தது. காலையில் கதவைத் திறந்தால் தன் பழைய வீடு தெரியும்.

வடக்கே இன்னொரு தீவு, மல்லாந்து படுத்த ஆள் மாதிரி. நெற்றி, மூக்கு, கைகட்டிய மார்பு, தொப்பை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. சுற்றுலாப் புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘தூங்கும் ராட்சதன்’. என் பக்கத்தில் நாயோடு நின்ற கிழவரிடம் அதைச் சொன்னேன். சிரித்தார். ‘அன் ஃபார் மரவ்’ என்றார். செத்த மனிதன். வருகிறவர்களுக்குப் பிணத்தைக் காட்டினால் நன்றாயிருக்குமா? தூங்க வைத்துவிட்டார்கள்.

குறைவது இதுதான், தம்பி. உங்கள் ஒன்பதாவது வரியில் 15 நிமிடத்துக்குப் பதில் ஒரு மதியம் போடுங்கள். அப்பாவை மேலேயே காரில் உட்காரவையுங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும். மே மாதம் ஆனாலும் காற்று அறையும், இருவருக்கும் காதை மூடக் கம்பளிக் குல்லா வேண்டும். அப்புறம், அந்த வடக்குத் தீவைக் காட்டி, என்ன தெரிகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். எந்தப் பெயரையும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.