ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் கதவைக் கவனியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய சிறிய காரில் கம்பெனி பொருத்தித் தந்த ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு, முன்கதவுகளில் 6.5 அங்குல கோஆக்சியல் (பெரிய கூம்பின் நடுவிலேயே சிறிய ட்வீட்டரும் அமைந்த) ஸ்பீக்கர்களைப் பொருத்தினேன். பாடுபவரின் குரலும் வயலினும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) ஒலி இருந்த இடமே தெரியவில்லை. கடைக்காரர் ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் பணம் செலவாகாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். தாழ்ந்த ஒலி நிறைந்த ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, ஸ்டீரியோவில் இட, வலப் பக்க ஒலியின் அளவைப் பிரிக்கும் பேலன்ஸை முழுவதும் இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். பிறகு நடுவில் வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும்போது இருக்கும் கனம், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது குறைந்துவிட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுப்பதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உறுதிசெய்துகொள்ள, ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் முனைகளில் சாதாரண 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ் முனை ஸ்பீக்கரின் பிளஸ்ஸைத் தொடும்போது கூம்பு வெளிப்பக்கம் துள்ள வேண்டும்.

அது சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கதவு. என் கருத்தில், பெரும்பாலோர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கதவுக்குக் கொடுத்திருந்தால், ஆம்ப்ளிஃபையரே தேவைப்பட்டிருக்காது. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் எழுப்பும் அதே அளவு ஒலியைப் பின்பக்கமும் எழுப்புகிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் அதிகம்; அத்தனை நீண்ட அலை, ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள விரலளவு இடைவெளி வழியாகவும் சுற்றி வந்து முன்பக்க ஒலியை அழித்துவிடும். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில், கண்ணாடி இறக்கும் மெஷினுக்காக விடப்பட்ட பெரிய திறப்புகள் இருக்கும். கம்பெனி அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி அனுப்பியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும் அவசரத்தில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே டோர் பேடை மூடிவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பதும் அந்தத் தாள்தான் என்பதால், இதில் இரட்டை நட்டம்.

உள்தகட்டின் திறப்புகளை மூடி, வெளித்தகட்டின் உட்பக்கத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள பகுதியில் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற தாள்) ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். வெளித்தகட்டை முழுவதும் மூட வேண்டிய தேவையில்லை. பாதிப் பரப்பை மூடினாலே தகட்டின் அதிர்வு பெரிதும் அடங்கிவிடும். விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை ஒட்டினால், சித்திரை வெயிலில் அது இளகி நாற்றமெடுப்பதோடு தகட்டிலிருந்து வழுக்கியும் இறங்கிவிடும். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கு உள்ள துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே வைக்கும் வளையம் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் ஈரத்தில் ஊதிப்போகும். பிளாஸ்டிக் வளையம் கேட்டு வாங்குங்கள். வளையத்தின் இருபுறமும் ஃபோம் டேப் ஒட்டி இடைவெளி இல்லாமல் முறுக்கிய பிறகு, அதே ஸ்பீக்கரை அதே ஸ்டீரியோவில் கேட்டுப் பாருங்கள். தொப்பியின் ஒலி பெருமளவு திரும்பியிருக்கும்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையர் வாங்குவதில் பொருளுண்டு. ஸ்டீரியோவின் முகப்பில் 50 x 4 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், கார் பேட்டரியின் மின்னழுத்தத்தை மட்டும் கொண்டு அது தொடர்ந்து தரக்கூடியது சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான இணைப்புக்கு) ஏறத்தாழ 15 முதல் 20 வாட் வரைதான். பின்னிருக்கை ஸ்பீக்கர்களை இப்போது மாற்ற வேண்டாம். ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இசை முன்னாலிருந்து வருவதே இயல்பு. அந்தப் பணத்தையும் முன்கதவுகளுக்கே செலவிடுங்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று போட்ட நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரை வாங்கியிருக்கிறேன். பொருத்த வந்தவர், பேட்டரி வரை வயர் இழுக்கத் தேவையில்லை, ஸ்டீரியோவுக்கு வரும் வயரிலிருந்தே கரண்ட் எடுத்துவிடலாம் என்கிறார். சரியா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தவறு, ஆபத்தும்கூட. ஸ்டீரியோவுக்கு வரும் வயர் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியருக்காகப் போடப்பட்டது. அதில் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் முதலில் ஃப்யூஸ் போகும்; அடுத்து யாராவது பெரிய ஃப்யூஸைச் செருகுவார்கள்; அதற்கப்புறம் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரே சூடாகி உருகத் தொடங்கும்.

1200 என்ற எண் எவ்வளவு உண்மை என்பதை ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸே சொல்லிவிடும். அது 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் சுமார் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட் உள்ளே செல்கிறது. மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையரில் ஏறத்தாழ 80 சதவீதம் ஸ்பீக்கருக்கான மின்னாற்றலாக வெளிவரும் என்று கொண்டால் மொத்தம் 330 வாட், அதாவது சேனலுக்கு 80 வாட் அளவு. அதைவிட அதிகம் வெப்பமாக வீணாக்கும் கிளாஸ் ஏபி வகை என்றால் இன்னும் குறையும். முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு இது தாராளம் என்பதால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். ஆனால் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது, கையேட்டில் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அல்லது தரும் திறன்) என்று குறிப்பிட்ட வாட் அளவையே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் இரண்டிலும் ஒப்பிடுங்கள்.

கரண்ட் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து நேராக வர வேண்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு ஃப்யூஸ் ஹோல்டர் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் ஏற்கெனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காக்கும். பேட்டரி அருகே போடும் ஃப்யூஸ் வயரைக் காக்கிறது. இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்கும் இடத்தில் வயர் உராய்ந்து, உள்ளிருக்கும் கம்பி பாடியைத் தொட்டுவிட்டால், பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வழியே பாயும். அப்போது காரைத் தீயிலிருந்து காப்பது அந்தச் சிறிய ஃப்யூஸ் மட்டுமே. அந்தத் துளையில் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பில் பொருத்தும் வளையம்) போடாமல் வயரை நுழைக்க விடாதீர்கள்.

தங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு 8 கேஜ் (சுமார் 8 சதுர மி.மீ.) செம்பு வயர் போதும். கிட் என்று விற்கப்படும் வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொண்டவை. அதே தடிமனுள்ள செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கரண்டைத்தான் அவை நம்பிக்கையாகத் தாங்கும். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்; எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்தால் செம்பு.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் பொருத்திய நாளிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது, பெரும்பாலும் எர்த் இணைப்பில்தான் குறை இருக்கும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து காரின் பாடிக்குச் செல்லும் எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரியும் இடத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தியிருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். அது உயிர் காக்கும் போல்ட். எர்த்தைச் சரிசெய்தும் சத்தம் தொடர்ந்தால், பவர் வயரும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலிச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாகப் போகின்றனவா என்று பார்த்து, ஒன்றை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயின் திருகியை எந்த அளவுக்குத் திறக்கலாம்? என் நண்பர் முழுவதும் திறந்து வைத்திருக்கிறார். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நண்பரின் ஸ்பீக்கர்களுக்கு ஆயுள் குறைவு. கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகி அன்று. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபையரின் முழுத்திறனுக்கும் பொருத்தம் பார்க்கும் திருகி. அளவுக்கு மீறித் திறந்தால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் முதலில் கருகும். மல்டிமீட்டர் இருந்தால் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். சேனலுக்கு 75 வாட், ஸ்பீக்கர் 4 ஓம் எனில், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.3 வோல்ட். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைஸரைச் சமநிலையில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஓட்டி, ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் ஏ.சி. வோல்ட் அளவீடு 17.3 வரும்வரை மட்டும் கெயினைத் திருகுங்கள். அத்துடன், கதவு ஸ்பீக்கர்களுக்கு, தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் அருகில் வைத்து, அதற்குக் கீழுள்ளதை மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரிடம் ஒப்படைத்தால் அவை சிரமமின்றிப் பாடும். சப்வூஃபர் இல்லாவிட்டால் 50 முதல் 60 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய காரில் பெரிய தொடுதிரை இருக்கிறது. அதை மாற்றாமல், வாரன்டியும் கெடாமல் ஒலியை மேம்படுத்த வழி உண்டா? ட்வீட்டர்களைக் கண்ணாடியின் ஓரத் தூணில் பதிக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வழி உண்டு. திரையிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் வயரிலேயே சிக்னலை எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் கொண்ட ஆம்ப்ளிஃபையர்கள் கிடைக்கின்றன. சில கார்களில், வால்யூம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலியைக் கம்பெனி தானாகவே குறைத்துவிடும். அத்தகைய கார்களுக்கு டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் சில்லு) உள்ள ஆம்ப்ளிஃபையரே பொருத்தமானது. எந்த வயரையும் வெட்டாமல், தங்கள் காரின் மாடலுக்கான கப்ளர் (செருகி இணைக்கும் முனை) வைத்தே இணைக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பழையபடி மாற்றிவிடலாம். வாரன்டி பற்றி, வேலையைத் தொடங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தூணைப் பொறுத்தவரை, கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அந்த உறைக்குப் பின்னால்தான் ஏர்பேக் இறங்கும் பாதை இருக்கிறது. அங்கே ட்வீட்டரையோ வயரையோ வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோணப் பிளாஸ்டிக் மூடியில் பொருத்துங்கள். அங்கும் ஒலி நன்றாகவே இருக்கும்.

கேள்வி: என் மகன் டிக்கியில் பெரிய சப்வூஃபர் வைத்துக்கொண்டு தினமும் கல்லூரிக்கு ஓட்டிப் போகிறான். காது கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மதுரை)

பதில்: தங்கள் பயம் நியாயமானது, அம்மா. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, மகன் வழக்கமாக வைக்கும் வால்யூமில் அவரையே ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துல்லியமாக இல்லாவிட்டாலும் நிலைமை தெரிந்துவிடும். கார் ஓடும்போது ஏற்படும் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகத்தான் வால்யூம் ஏறுகிறது என்றால், முதல் கேள்விக்குச் சொன்ன டேம்பிங் ஷீட்டை நான்கு கதவுகளிலும் ஒட்டச் சொல்லுங்கள். இரைச்சல் ஓரளவு தணிந்தால், குறைந்த வால்யூமே அவருக்குப் போதுமானதாகிவிடும். இறங்கிய பிறகு காதில் ரீங்காரம் கேட்பதாக அவர் சொன்னால், காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.