பட்டன் போடுறது யாருன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

கேள்வி: என் பையனுக்கு 18 முடிஞ்சிருச்சு. அறிவுசார் குறைபாடு. பத்து வயசுல எடுத்த சர்டிபிகேட்ல 50 சதவீதம், மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை வந்துட்டு இருந்துச்சு. இப்ப ஜிஎச்ல மறுபடி பார்த்துட்டு 25 சதவீதம்னு போட்டுட்டாங்க. அவன்கிட்ட கொஞ்ச நேரம்தான் டெஸ்ட் வெச்சாங்க, மத்த நேரமெல்லாம் என்கிட்டதான் கேள்வி. நானும் பையனை விட்டுக்கொடுக்காம நல்லாவே பதில் சொன்னேன். ஆள் வேற அன்னைக்கு நீட்டா இருந்தான், பிளஸ் டூ படிக்கிற தங்கச்சிதான் தினமும் அவனைக் குளிக்க வெச்சு பட்டன் போட்டு ரெடி பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போவா. வீட்டுக்காரருக்குக் கடையை விட்டு வர முடியல. யாரைப் பிடிச்சா இதை மாத்தலாம்?
கோவில்பட்டி வாசகி

பதில்: யாரையும் பிடிக்க வேணாம். இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வருது, பாதிப் பேர் டாக்டர் சரியில்லைன்னு எழுதுவாங்க, மீதிப் பேர் சிபாரிசு கேப்பாங்க. நீங்க ரெண்டையும் சேர்த்து எழுதிட்டு, நடுவுல பட்டன் விஷயத்தைப் போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அதுக்கு மேல லெட்டரே ஓடல.

அன்னைக்கு அந்த ரூம்ல சைக்காலஜிஸ்ட் உங்ககிட்ட என்ன கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். தானே சாப்பிடுவானா, தானே குளிப்பானா, சட்டை போடுவானா, கடைக்குப் போயி மீதிச் சில்லறை சரியா வாங்கிட்டு வருவானா, தனியா பஸ் ஏறுவானா. சும்மா பேச்சுக் கொடுக்கிறாங்கன்னு நெனச்சீங்கல்ல? அதாங்க டெஸ்ட்டே. வைன்லேண்ட் சோஷியல் மெச்சூரிட்டி ஸ்கேல்னு பேரு, வீட்ல கூட இருந்து பாத்துக்கிறவங்களைக் கேட்டுத்தான் மார்க் போடுவாங்க. ஐக்யூ டெஸ்ட்டும் உண்டு, ஆனா மத்திய அரசு கெஜட்ல போட்ட வழிமுறைப்படி சதவீதத்துக்குக் கணக்கு இந்த ஸ்கோர்தான். 55ல இருந்து 69 வரைக்கும் வந்தா 50 சதவீதம், 36ல இருந்து 54னா 75 சதவீதம், 70ல இருந்து 84னா 25 சதவீதம். நீங்க ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமா செய்வான், செய்வான்"னு தலையாட்ட ஆட்ட ஸ்கோர் ஏறிட்டே, சதவீதம் இறங்கிட்டே போயிருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழ போனா உதவித்தொகை கிடையாது, மாற்றுத்திறனாளி அடையாள கார்டும் மஞ்சள் போயி வெள்ளை ஆயிடும். இதுல டாக்டரைத் திட்டி என்ன பண்றது, நீங்க சொன்னதைத்தான் அவங்க எழுதியிருக்காங்க.

செய்வானான்னு கேட்டா, யாரும் சொல்லாம, பக்கத்துல நிக்காம, தினமும் வழக்கமா செய்வானான்னு அர்த்தம். ஒரு நாள் செஞ்சான், நல்ல மூட்ல இருந்தா செய்வான், தங்கச்சி தண்ணி எடுத்து வெச்சு "இப்ப தலைக்கு ஊத்து, இப்ப சோப்பு போடு"ன்னு கதவுக்கு வெளிய நின்னு சொன்னா செய்வான், இதெல்லாம் தானே செய்றது கிடையாது. அப்படியே அதை அங்க சொல்லியிருக்கணும். பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாதுங்கிறதெல்லாம் கல்யாண வீட்ல சொந்தக்காரங்க கேக்கும்போது வெச்சுக்கோங்க, அங்க நீங்க எவ்ளோ பெருமை பேசினாலும் எனக்கு வருத்தமில்ல. டாக்டர் முன்னாடி பெருமை பேசுனா பணம் போறது அவனுக்குத்தான்.

உங்க மேல எனக்குக் கோவம் வர்றது பணத்துக்காக மட்டும் இல்ல. "எல்லாம் அவனே செய்வான்"னு நீங்க வாயால சொன்னப்போ அவன் வேலையைத் தினமும் செய்யிற அந்தப் பொண்ணையே கணக்குல இருந்து தூக்கிட்டீங்க. பிளஸ் டூ படிக்கிற புள்ள, காலையில எந்திரிச்சு 18 வயசு அண்ணனைக் குளிக்க வெச்சுட்டு ஸ்கூலுக்கு ஓடுறா, அதை நீங்க அவன் நீட்டா இருந்தான்னு சொல்றதுக்காக ஒரு வரியில எழுதுறீங்க. வீட்ல ஒரு ஆம்பள இருக்காரா இல்லையா? வளர்ந்த பையனைக் குளிக்க வைக்கிறது அப்பாவோட வேலைங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. காலையில அரை மணி நேரம் லேட்டா கடை திறந்தா வர்ற கஸ்டமர் வரத்தான் போறாங்க. அண்ணனைப் பாத்துக்கிறது தங்கச்சியோட கடமைன்னு யாராவது சொன்னா, பாசம் வேற, கடமை வேறன்னு நான் சொன்னதா சொல்லுங்க. கடமை பெத்தவங்களுக்கு. அவ பிரியப்பட்டு செய்யட்டும், செய்யாமலும் இருக்கட்டும். நாளைக்கு அவ படிக்கவோ கல்யாணமாகியோ வெளியூர் போனா பட்டன் யாரு போடுவா, அதை யோசிச்சீங்களா?

இப்ப ஆக வேண்டியதைச் சொல்றேன், இது லேசுப்பட்ட விஷயம் இல்ல, ஏன்னா அஞ்சு வயசு, பத்து வயசுல எடுக்கிற சர்டிபிகேட்டைத் திரும்பப் புதுப்பிக்கணும், 18ல எடுக்கிறதுதான் ஆயுசுக்கும் நிக்கும். உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மறு பரிசோதனை கேட்டு மனு எழுதிக் கொடுங்க. அங்க நடக்கலைன்னா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 59வது பிரிவு, சர்டிபிகேட்ல திருப்தி இல்லாதவங்க மேல்முறையீடு பண்ணலாம்னு தெளிவா இருக்கு. பத்து வயசு சர்டிபிகேட், ஸ்பெஷல் ஸ்கூல் போயிருந்தா அவங்க ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாத்தையும் ஃபைல்ல போட்டுக்கோங்க. அவனை வேணும்னே அழுக்குச் சட்டையோட கூட்டிட்டுப் போறது, "எதுவும் தெரியாதுன்னு சொல்லுடா"ன்னு சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் வேணாம், தினமும் இதையே பாக்கிறவங்களுக்கு நடிப்பு உடனே தெரிஞ்சிடும், தவிர அது பொய். உள்ளதைச் சொன்னாலே போதும்.

இன்னொண்ணு, 18 ஆயிட்டதால சட்டப்படி அவனுக்கு கார்டியன் யாருங்கிறதையும் கையோட முடிச்சிருங்க, 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில இருக்கிற கமிட்டிகிட்ட விண்ணப்பிக்கணும். அந்த ஃபார்ம்ல உங்க ரெண்டு பேர் பேரையும் போடுங்க, பொண்ணு பேரை இப்பவே இழுக்காதீங்க.

உங்க பொண்ணை ஒரு வாரம் நோட்டுல எழுதச் சொல்லுங்க, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அண்ணனுக்கு அவ என்னென்ன செய்யிறான்னு. அதை நீங்க முதல்ல படிங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. அவ லீவு போட வேணாம், பரீட்சை வருஷம். உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க, சைக்காலஜிஸ்ட் கேக்கிற கேள்விக்கெல்லாம் முதல்ல அவரே பதில் சொல்லட்டும், எத்தனை கேள்விக்கு உங்க முகத்தைத் திரும்பிப் பாக்கிறார்னு எண்ணிட்டு எனக்கு எழுதுங்க.