விழுங்கியதைத் துப்பு!

கேள்வி: நாற்பது கடந்த என் கணவர் பழைய கேம்போயில் (கையடக்க விளையாட்டுக் கருவி) ‘கேர்பி’ விளையாடுவதை இன்னும் விடவில்லை. வழியில் வருவதையெல்லாம் சும்மா விழுங்கிக்கொண்டு போகும் ஓர் உருண்டை. மொத்தமே ஐந்து கட்டம். இதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விழுங்கிக்கொண்டா? சகோதரி, நீங்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். 1992இல் வந்த அந்த முதல் விளையாட்டில், எதிரியை விழுங்கினால் வயிற்றுக்குள் போகும், அவ்வளவுதான். வாய்க்குள் அடக்கி வைத்திருந்து அடுத்தவன்மேல் துப்பினால்தான் அது ஆயுதம். ஆனால் வாயில் ஆளை வைத்துக்கொண்டு பறக்க முடியாது. பறக்க வேண்டுமா? துப்பு, அல்லது விழுங்கு. ஆயுதம் போச்சு. அடிக்கு அடி இந்தக் கணக்குத்தான். முதற்கட்ட முடிவில் எதிரியாக நிற்கும் மரத்தையே எடுங்கள்: மேலிருந்து அப்பிள் போடும். நேர்கீழே நின்றால் மண்டையில் விழும். சற்றுத் தள்ளி நின்று பி பொத்தானால் உறிஞ்சி, அதே பொத்தானால் மரத்தின் முகத்திலேயே துப்ப வேண்டும்.

விழுங்கியவனின் வித்தையைத் தனதாக்கிக்கொள்ளும் வேலையெல்லாம் 1993இல் வந்த அடுத்த விளையாட்டில்தான். நம்மூர்க் கவிஞர் சிலருக்கோ அது பிறவியிலேயே வாய்த்தது. ஒரு வித்தியாசம்: கேர்பிக்கு அடி விழுந்தால், விழுங்கிய வித்தை நட்சத்திரமாகத் தெறித்து வெளியே ஓடும். நம்மவர்களை எவ்வளவு சாத்தினாலும் ஒரு வரிகூடத் திரும்பி வராது. போன மாதம் இதை எழுதியதற்கு மூன்று கவிஞர்கள் கோபித்துக் கடிதம் போட்டார்கள். மூன்று கடிதத்திலும் ஒரே வசனம்.

இன்னொன்று. அந்த உருண்டை உறைப்புக் கறி சாப்பிட்டால் கொஞ்ச நேரம் வாயால் நெருப்புக் கக்கும். இதைக் கற்பனை என்கிறார்கள். யாழ்ப்பாணத்து வறுத்த தூளில் வைத்த நண்டுக் கறியைத் தெரியாதவர்கள் சொல்வது. கொழும்புக் கடைகளில் தேங்காய்ப்பாலை ஊற்றி ஊற்றி அதையும் பாயசமாக்கிவிட்டார்கள். அந்தக் கறியைத் தின்றால் கேர்பிக்குக் கொட்டாவிதான் வரும்.

உங்கள் கேள்வியா? அதை உருவாக்கிய சக்குராய்க்கு அப்போது வயது பத்தொன்பது. விளையாடத் தெரியாதவரும் முடிக்க வேண்டும் என்றே செய்தார். அந்த உருண்டைகூட, உண்மையான நாயகனை வரையும்வரை இடம்பிடித்து வைத்த பொம்மைதான்; பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். திரையோ ஒரே நிறத்தின் நாலே சாயல். கேர்பி இளஞ்சிவப்பு என்பதே கேம்போயில் தெரியாது. அமெரிக்கப் பெட்டியில் வெள்ளையாகவே அச்சடித்தார்கள்.

கடைசியாக, வீட்டு நிம்மதிக்கு: அதில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அணைத்தால் மறுபடி முதற்கட்டம், மறுபடி அந்த மரம். சோறு ஆறுகிறதென்றால் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நாலு பற்றரி கொஞ்சம் கரையும், பரவாயில்லை. அணைக்க மட்டும் சொல்லாதீர்கள்.