எந்த இறக்கை விழுகிறது, எப்போது விழுகிறது?
ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும் மாடல்) விமானம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று ஒரு பக்கம் புரண்டு விழுகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் டிப் ஸ்டாலுக்கும் ஸ்நாப்புக்குமே கொடுத்துவிட்டேன். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை தாண்டி, தூக்கும் விசை சரிந்துபோவது ஸ்டால். அது இறக்கை நுனியில் முதலில் நடந்தால் டிப் ஸ்டால். அப்படி ஒரு பக்கம் ஸ்டால் ஆகி மாடல் சட்டென்று திருகிக்கொள்வது ஸ்நாப்.

என்னுடையது இறக்கை நீளம் 1.2 மீட்டர் உள்ள ஃபோம் மஸ்டாங் (போர் விமான மாடல்), எடை 1,200 கிராம். மேலே அருமையாகப் பறக்கிறது. இறங்க வரும்போது, ஓடுபாதைக்கு நேராகத் திருப்பும் கடைசித் திருப்பத்தில் இடது இறக்கை சட்டென்று விழுந்து மூக்கு தரையில் குத்துகிறது. உடனே ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினாலும் கேட்பதில்லை. சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) கோளாறா, சிக்னல் விட்டுப்போகிறதா? – திருப்பூர் வாசகர்

சர்வோவைக் கழற்றாதீர்கள் தம்பி. ஒவ்வொரு முறையும் அதே திருப்பத்தில் விழுகிறது என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. சிக்னல் கோளாறு இடம் பார்த்து வராது.

உங்கள் மாடலின் இறக்கைப் பரப்பு சுமார் 22 சதுர டெசிமீட்டர் இருக்கும். இந்த எடைக்கு, நேராகப் பறக்கும்போது மணிக்கு 33 கிலோமீட்டர் வாக்கில் ஸ்டால் ஆகும். ஆனால் 60 டிகிரி சாய்த்து, உயரம் இழக்காமல் இழுத்துத் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. அப்போது ஸ்டால் வேகம் 47-க்குப் போய்விடும். நீங்கள் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைத்து 40-ல் வருகிறீர்கள். ஓடுபாதையைத் தாண்டிவிடுவோமோ என்ற பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) இழுக்கிறீர்கள். அங்கேதான் கதை முடிகிறது.

இதில் காற்றும் கண்ணை ஏமாற்றும். திருப்பத்துக்கு முன்னால் மாடல் காற்றோடு சேர்ந்து ஓடுவதால் தரையிலிருந்து பார்க்க ரொம்ப வேகமாகத் தெரியும். கை தானாகவே த்ராட்டிலைக் குறைக்கும். இறக்கைக்குத் தெரிந்தது காற்றின் வேகம் மட்டும்தான். தரையின் வேகம் அதற்குத் தெரியாது.

ஏன் நுனி முதலில் விழுகிறது? மஸ்டாங் இறக்கை நுனியை நோக்கிக் குறுகுகிறது. குறுகிய நுனி தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. இறக்கையின் அகலம் குறையக் குறைய அது ஸ்டாலைத் தாங்கும் திறனும் குறையும். மாடல் அளவில் இந்தக் குறை இன்னும் பெரிது.

ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினீர்களே, அதுதான் நிலைமையை மோசமாக்கியது. வலது கொடுத்தால் இடது ஏலரான் (மாடலைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கீழே இறங்கும். ஏற்கெனவே காற்றை விட்டுவிட்ட நுனியில் கோணம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது வேறு: எலிவேட்டரை விட்டுவிடுங்கள், த்ராட்டிலை நிதானமாக ஏற்றுங்கள், இறக்கையை ரட்டரால் (வாலின் செங்குத்துப் பலகையால்) தூக்குங்கள், வேகம் வந்த பிறகு ஏலரானைத் தொடுங்கள். த்ராட்டிலை ஒரே அடியாக முழுதும் ஏற்றாதீர்கள். புரொப்பெல்லரின் எதிர்விசை மாடலை இடது பக்கமே உருட்டும். உங்களுக்கு எப்போதும் இடது விழுவதற்கு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

இனி மாடலில் செய்ய வேண்டியது. முதலில் சி.ஜி. (எடை மையம்) பாருங்கள். பேட்டரியை உள்ளே வைத்து, லோ விங் (உடலின் அடியில் இறக்கை உள்ள மாடல்) என்பதால் மாடலைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு விரல் நுனியில் நிறுத்துங்கள். மேனுவலில் சொன்ன இடத்துக்கு அரை சென்டிமீட்டர் பின்னால் இருந்தால்கூட பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அடுத்து, ஏலரான் மேலே போகும் அளவைவிடக் கீழே வரும் அளவைக் குறையுங்கள்: மேலே 10 மில்லிமீட்டர் என்றால் கீழே 6 போதும். கடைசித் திருப்பத்தை 30 டிகிரிக்கு மேல் சாய்க்காமல் அகலமாக எடுங்கள். ஓடுபாதையைத் தாண்டினால் தாண்டட்டும், இன்னொரு சுற்று வரலாம். இதையெல்லாம் செய்து பார்க்கும் வரை இறக்கையில் கத்தி வைக்காதீர்கள்.

ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கைப் பலகை) இல்லாத மாடல். மெதுவாக இறங்கட்டும் என்று இரண்டு ஏலரானையும் சேர்த்துக் கீழே இறக்க ரிமோட்டில் மிக்ஸ் போட்டேன். அதற்குப் பிறகுதான் புரள ஆரம்பித்தது. – நாகர்கோவில் வாசகர்

மிக்ஸைத் திருப்பிப் போடுங்கள். ஏலரான் இருப்பது நுனிப் பக்கம். அதைக் கீழே இறக்கினால் நுனியின் கோணம் கூடி, நடுவுக்கு முன்பே நுனி ஸ்டால் ஆகும். இரண்டையும் 2, 3 மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டுப் பாருங்கள். நுனியைக் கீழ்நோக்கி முறுக்கிய இறக்கை போல நடந்துகொள்ளும். உண்மையான ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில், உடலோடு சேரும் அடிப்பகுதியில் கூட்டல் 2 டிகிரி, நுனியில் கழித்தல் அரை டிகிரி என்று இறக்கையையே முறுக்கி வைத்திருந்தார்கள். அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆகி விமானம் நடுங்கும். நுனியும் ஏலரானும் விழும் முன் பைலட்டுக்கு எச்சரிக்கை கிடைக்கும். ஏலரானை மேலே தூக்கினால் நமக்கும் அந்தப் பலனில் ஒரு பங்கு செலவில்லாமல் கிடைக்கிறது. முதலில் நல்ல உயரத்தில் போட்டுப் பாருங்கள், மூக்கு கொஞ்சம் ஏறவோ இறங்கவோ செய்யும்.

நானே பால்சாவில் (லேசான மரம்) செய்த மாடல். முழு வேகத்தில் லூப் (செங்குத்தான வட்டம்) போட்டால் பாதியில் திருகிக்கொண்டு வெளியே போகிறது. வேகம் இருக்கும்போது எப்படி ஸ்டால் ஆகும்? – திருச்சி வாசகி

ஆகும் அம்மா, எந்த வேகத்திலும் ஆகும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை தாண்டினால் ஸ்டால், அவ்வளவுதான் கணக்கு. எலிவேட்டரை அதிகமாக இழுத்தால் மூக்கு பட்டென்று எழுந்து, மாடல் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும்போதே கோணம் எல்லை தாண்டிவிடும். சாகசப் பறப்பில் வேண்டுமென்றே போடும் ஸ்நாப் ரோல் இதேதான். உங்களுடையது கேட்காமலே போடுகிறது.

உங்கள் கடிதத்தில் எலிவேட்டர் 20 மில்லிமீட்டர் நகர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரொம்ப அதிகம். ஒரு ஸ்கேலை எலிவேட்டர் பின்விளிம்பில் வைத்துக்கொண்டு லோ ரேட்டில் (ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் பலகை குறைவாகவே நகரும் ரிமோட் அமைப்பில்) 10-க்குக் கொண்டுவாருங்கள். நல்ல உயரத்தில், பாதி த்ராட்டிலில் ஸ்டிக்கை முழுதாக இழுங்கள். புரண்டால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறையுங்கள். முழுதாக இழுத்தும் புரளாமல் இறுக்கமாக வளைந்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் பறக்கும் ரேட். தரை தொடும் நேரத்துக்குப் பழைய அளவு ஹை ரேட்டில் இருக்கட்டும். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் ரிமோட் அமைப்பு) மட்டும் போட்டுவிட்டு ரேட்டைக் குறைக்காமல் விடுகிறவர்கள் பலர். எக்ஸ்போ நடுவில்தான் மென்மையாக்கும், கடைசி இழுப்பில் முழு அளவும் வந்துவிடும்.

சி.ஜி.யையும் ஒருமுறை பாருங்கள். குறுகும் இறக்கையில் உடலோடு சேரும் இடத்து அகலத்தை வைத்து 25 சதவீதம் கணக்கிட்டால் தப்பாகும். சராசரி அகலத்தை எடுத்து, அது இறக்கையில் எங்கே விழுகிறதோ அங்கே கணக்கிட வேண்டும். சொந்தமாகச் செய்த மாடல்களில் சி.ஜி. பின்னால் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

பால்சா லோ விங். சி.ஜி. சரி, ரேட் சரி, திருப்பமும் நிதானம்தான். மேலே நேராக வைத்து ஸ்டால் செய்தாலும் எப்போதும் வலது இறக்கையே விழுகிறது. – காரைக்குடி வாசகர்

நேராக வைத்துச் சோதித்தீர்களே, அதற்காகவே பாராட்ட வேண்டும். நேராக வைத்தும் எப்போதும் ஒரே இறக்கை விழுந்தால் கோளாறு ஓட்டுபவரிடம் இல்லை, இறக்கையில் இருக்கிறது. மாடலைப் பின்னால் இருந்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு கண்ணால் பாருங்கள். வலது நுனியின் பின்விளிம்பு இடதைவிடக் கீழே தொங்குகிறதா? நம் ஊர் வெயிலில் காரின் பின்சீட்டில் வைத்த பால்சா இறக்கை, மேலே போர்த்திய ஃபிலிம் ஒரு பக்கம் இறுகி முறுக்கிக்கொள்வது சாதாரணம். நுனியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, மேலும் கீழும் ஹீட் கன் காட்டி ஃபிலிமை இறுக்குங்கள். ஆறும் வரை கையை எடுக்காதீர்கள்.

முறுக்கல் இல்லையென்றால் எடை. ஸ்பின்னரிலும் (புரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு) வாலிலும் நூல் கட்டித் தூக்குங்கள். வலது பக்கம் தாழ்ந்தால் இடது நுனியில் சின்ன ஆணி ஒன்றைச் செருகி ஒட்டினால் போதும். அடுத்து முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது ஒரு பக்கம் கூர்மையாகிப் போயிருக்கலாம். கூர்மையான முன்விளிம்பு சீக்கிரம் ஸ்டால் ஆகும்; உருண்டையாக்குங்கள்.

எல்லாம் பார்த்தும் விடாவிட்டால், ஒரு பழைய வைத்தியம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் கோர்சேர் விமானத்தில் இடது இறக்கைதான் முதலில் விழும். வலது இறக்கை முன்விளிம்பில், துப்பாக்கிகளுக்கு வெளியே, ஒரு சின்னப் பட்டையை ஒட்டி அதையும் சேர்ந்தே ஸ்டால் ஆக வைத்தார்கள். நமக்கு அதைவிட நல்ல இடம், உடலுக்குப் பக்கத்தில் இரண்டு இறக்கையிலும் தலா ஒன்று. 5 மில்லிமீட்டர் முக்கோணப் பால்சா, இறக்கை நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. நுனிக்கு முன்பே நடுப்பகுதி ஸ்டால் ஆகி மூக்கு நேராகத் தாழும். முதலில் டேப்பால் ஒட்டிப் பறந்து பாருங்கள், இடம் பிடித்துப் போனால் பசை போடலாம். இறங்கும் வேகம் சற்றுக் கூடும், அதற்கேற்ப ஓடுபாதை வேண்டும்.

சென்னையில் ஒழுங்காகப் பறந்த மாடல் ஊட்டியில் இறங்கும்போது புரண்டது. குளிரினாலா? – சென்னை வாசகர்

உயரத்தினால். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று லேசு. சென்னையில் மணிக்கு 33-ல் ஸ்டால் ஆகும் மாடல் அங்கே 37 வாக்கில் ஆகும். உங்கள் கண் பழகியது சென்னை வேகம். அங்கே கொஞ்சம் வேகமாகவே இறக்குங்கள், முடிந்தால் சின்ன பேட்டரி போட்டு எடையைக் குறையுங்கள்.