பத்தாம் இடத்துக்கும் பந்தி: ஃபூட்டி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபூட்டிதான் (ஆஸ்திரேலியக் கால்பந்து, அதன் தேசிய லீக் ஏஎஃப்எல்), அதனால் வீடு, விசா, வரி எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். நான் மெல்பர்னின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் டீம் ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதில்களில் ஒரு பக்கச் சாய்வு தெரிந்தால் அது தற்செயல் இல்லை.

கே: வருஷா வருஷம் ஒன்பதாம் இடத்தில் வந்து நிற்கும் டீமை ஆதரிப்பவன் நான். 2026 சீசனில் இருந்து வைல்ட்கார்டு சுற்று என்கிறார்கள். எங்களுக்கு நல்லதுதானே, ஏன் இத்தனை பேர் திட்டுகிறார்கள்? (கிளேட்டன் வாசகர்)

ப: உங்களுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல், காரணத்தைச் சொல்கிறேன்.

2025 வரை எட்டு டீம் ஃபைனல்ஸ், அதாவது சீசன் முடிந்து செப்டம்பரில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள். முதல் நான்கு இடத்துக்காரர்கள் தங்களுக்குள் மோதுவார்கள், ஜெயித்தவருக்கு ஒரு வாரம் ஓய்வும் சொந்த ஊரில் பிரிலிமினரி ஃபைனலும் (இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய சுற்று), தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒரு தோல்வி, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இப்போது ஏழாவது பத்தாவதோடும் எட்டாவது ஒன்பதாவதோடும் முதலில் மோதி, அதில் ஜெயிக்கும் இருவர்தான் அந்த எட்டுக்குள் வருவார்கள். பதினெட்டு டீமில் பத்துக்கு செப்டம்பர். அதாவது பாதிக்கு மேல். இப்படிப் போனால் ஃபைனல்ஸுக்குப் போனோம் என்று சொல்வதே பத்தோடு பதினொன்று ஆகிவிடும்.

ஆனால் என் கோபம் அதற்காகக்கூட இல்லை. 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புல்டாக்ஸ் ஏழாவது இடம். அந்த வருஷம்தான் ஃபைனல்ஸுக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு வார பை (bye, ஆட்டமில்லாத ஓய்வு) என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள் (2015இல் ஃபிரிமான்டிலும் நார்த் மெல்பர்னும் கடைசிச் சுற்றில் முக்கிய ஆட்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்துவிட்டு ஒப்புக்கு ஒரு டீமை இறக்கியதன் பலன் அது). அந்த ஒரு வாரத்தில் எங்கள் டாம் லிபரடோரே, ஜாக் மக்ரே எல்லாம் காயத்தில் இருந்து திரும்பினார்கள். பெர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்டை அடித்து, அடுத்து ஹாதார்னை அடித்து, சிட்னிக்குப் போய் ஜிடபிள்யூஎஸ்ஸை (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) ஆறே புள்ளியில் தாண்டி, கிராண்ட் ஃபைனலில் சிட்னி ஸ்வான்ஸை 22 புள்ளியில் வீழ்த்தி, 1954க்குப் பிறகு முதல் கோப்பை. புதிய விதி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த ஓய்வு வாரத்தில் 15 ஆட்டம் ஜெயித்த நாங்கள், 10 மட்டுமே ஜெயித்த போர்ட் அடிலெய்டோடு மறுபடி மல்லுக்கட்டியிருக்க வேண்டும். ஜெயித்திருப்போம் என்றே வைத்துக்கொண்டாலும், லிபரடோரேவும் மக்ரேவும் பெர்த் விமானத்தில் ஏறியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஏழாம் இடத்துக்கு இதுவரை இருந்த சிறிய வாசலையும் அடைத்துவிட்டு அதைக் "கூடுதல் வாய்ப்பு" என்று விற்கிறார்கள்.

சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். 2013இல், ஆட்டக்காரர்களுக்குச் சந்தேகத்துக்குரிய ஊசிகள் போட்ட சப்ளிமென்ட் விவகாரத்தில் எசன்டனை ஃபைனல்ஸில் இருந்து தூக்கினார்கள், ஒன்பதாவதாக முடித்த கார்ல்டன் எட்டுக்கு ஏறியது. ஏறிய கையோடு ஐந்தாம் இடத்தில் இருந்த ரிச்மண்டை எம்சிஜியில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) வைத்துத் தோற்கடித்தது. ரிச்மண்ட் ரசிகரிடம் அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

கே: வெற்றிகள் சமமாக இருந்தால் "பர்சன்டேஜ்" பார்க்கிறார்களே, அது எதில் எத்தனை சதவீதம்? (டாண்டினாங் வாசகி)

ப: நீங்கள் சீசன் முழுக்க அடித்த புள்ளிகளை, வாங்கிய புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நூறுக்கு மேலே இருந்தால் கொடுத்ததைவிட அதிகம் அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். 2017இல் மெல்பர்ன் டீம் அரை சதவீதத்தில் எட்டாம் இடத்தை வெஸ்ட் கோஸ்டிடம் விட்டது. அதனால்தான் பத்து கோல் முன்னால் இருக்கும்போதும் கடைசி நிமிஷத்தில் ஒரு பிஹைன்டுக்காக (ஒரே புள்ளி, கோலுக்கு ஆறு) கோச் கத்திக்கொண்டு இருக்கிறார்.

கே: ஒரு கிளப் லிஸ்ட்டில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆடுவது 23. மற்றவர்களுக்கு எதற்குச் சம்பளம்? (வெரிபி வாசகர்)

ப: செலவுக் கணக்காகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜூலை மாதம் வரை பொறுத்துப் பாருங்கள். ஒருவருக்கு முழங்கால் தசைநார் போயிருக்கும், இரண்டு பேருக்குத் தொடைத் தசை, ஒருவருக்குத் தலையில் அடிபட்டுக் கட்டாய ஓய்வு, ஒருவர் டிரிப்யூனல் (ஒழுங்கு விசாரணைக் குழு) தடையில். நாற்பது என்பது முப்பதாகச் சுருங்கிவிடும். அந்த முப்பதிலும் நாலைந்து பேர் போன நவம்பர் டிராஃப்டில் (கிளப்கள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வந்த பதினெட்டு வயதுப் பையன்கள், உடம்பு இன்னும் ஆண்களோடு மோதத் தயாராகவில்லை. இரண்டு மூன்று பேர் இரண்டு மீட்டர் உயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டிருப்பதுபோல் தோன்றும் ரக்மேன்கள் (நடுவர் போடும் பந்தைத் தாவித் தட்டுகிறவர்கள்), அவர்கள் முதிர்வதற்கே நாலைந்து வருஷம் பிடிக்கும். ஆக, கோச் உண்மையில் தேர்ந்தெடுப்பது நாற்பதில் இருந்து அல்ல, இருபத்துமூன்று, இருபத்துநாலில் இருந்துதான்.

இதனால்தான் நான் ஒரு டீமை எடைபோடும்போது அதன் முதல் ஐந்து பேரைப் பார்ப்பதில்லை. எல்லா டீமிலும் நல்ல ஐந்து பேர் உண்டு. இருபத்தொன்றாவது ஆளில் இருந்து முப்பதாவது ஆள் வரை யார் என்று பாருங்கள், செப்டம்பரில் கழுத்தறுப்பதும் காப்பாற்றுவதும் அவர்கள்தான். ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் மாதமான அக்டோபரில் கிளப்கள் பெரிய பெயருக்கு டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு இரண்டை அள்ளிக்கொடுக்கும்போது பத்திரிகைகள் கைதட்டும், நான் கைதட்டுவது அடுத்த கிளப் கழற்றிவிட்ட ஒரு பின்வரிசைக்காரரைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளும் லிஸ்ட் மேனேஜருக்கு.

கே: ரிசர்வ்ஸ் (கிளப்பின் இரண்டாம் டீம்) விஷயம் எனக்குப் புரிவதே இல்லை. ஃபிரிமான்டில் ஆட்கள் ஏன் பீல் தண்டர் என்ற டீமுக்கு ஆடுகிறார்கள்? எல்லா கிளப்புக்கும் ஒரே ரிசர்வ்ஸ் லீக் வைத்தால் என்ன? (பெர்த் வாசகி)

ப: உங்களுக்கு மட்டும் இல்லை, யாருக்கும் எளிதில் புரியாது. ஒரு காலத்தில் விக்டோரியாவில் சீனியர் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் ரிசர்வ்ஸ் ஆடும், சீக்கிரம் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டே பெரிய ஆட்டத்துக்கு உட்காருவார்கள். 1999 சீசனோடு அது முடிந்து, 2000இல் இருந்து மாநில லீகான விஎஃப்எல்லோடு கலந்துவிட்டது. 2021இல் சிட்னி, பிரிஸ்பேன், கோல்டு கோஸ்ட், ஜிடபிள்யூஎஸ் ரிசர்வ்ஸும் அதற்குள் வந்தன. அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும் தங்கள் ஆட்களைத் தெற்கு ஆஸ்திரேலிய லீகான எஸ்ஏஎன்எஃப்எல்லில் ஆடவிடுகின்றன. உங்கள் மேற்கில் வெஸ்ட் கோஸ்ட் 2019இல் இருந்து மேற்கு ஆஸ்திரேலிய லீகான டபிள்யூஏஎஃப்எல்லில் சொந்த ரிசர்வ்ஸ் டீம் வைத்திருக்கிறது, ஃபிரிமான்டில் அப்படி ஒன்று வைக்காமல் 2014இல் இருந்து பீலோடு கூட்டு.

இதில் நடந்த வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015இல் பட்டியலில் முதலிடம் பிடித்த ஃபிரிமான்டில், 2016இல் மொத்தமே நான்கு ஆட்டம் ஜெயித்து அதலபாதாளத்துக்குப் போனது. செப்டம்பரில் சீனியர் டீமுக்கு வேலை இல்லை. அப்புறம் என்ன, லிஸ்ட்டில் இருந்த ஆட்கள் பீலுக்குக் கிடைத்தார்கள், 1997இல் லீகில் சேர்ந்த பீல் தன் முதல் கோப்பையை அந்த வருஷமே தூக்கியது, மறு வருஷமும் தூக்கியது. ஒரு நூற்றாண்டாக அந்த லீகில் ஆடிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் அப்பாக்களே கோடு போட்டு மைதானம் தயார்செய்யும் கிளப்பின் ரசிகர் இதைப் பார்த்தால் கொதிக்க மாட்டாரா? சீனியர் டீம் எவ்வளவு மோசமோ, ரிசர்வ்ஸ் அவ்வளவு பலம். மாநில லீகின் கோப்பை யாருக்கு என்பதை அந்த லீகுக்கு வெளியே உள்ள ஒரு பட்டியல் முடிவு செய்கிறது.

அதற்காக எல்லாரையும் பிரித்தெடுத்துத் தேசிய ரிசர்வ்ஸ் லீக் வைத்தால் சரியாகிவிடுமா என்றால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லிஸ்ட்டில் 44 பேர் என்று வைத்துக்கொண்டால், சீனியருக்கு 23, காயத்தில் ஏழெட்டு, மீதி பதின்மூன்று. அதை வைத்து டீம் இறக்க முடியாது. மீதி இடங்களை நிரப்புவது வாரம் முழுக்கப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டோ, குழாய் வேலை பார்த்துவிட்டோ செவ்வாய், வியாழன் மாலை பயிற்சிக்கு வரும் விஎஃப்எல் ஆட்கள். அவர்களைப் போய் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் வாராவாரம் விமானம் ஏறச் சொன்னால் யார் வருவார்? பதினெட்டு வயதுப் பையன் முப்பது வயது ஆளிடம் தோளில் இடி வாங்கிக் கற்றுக்கொள்ளும் இடம் அது. நான் சொல்வது ஒன்றுதான், மாநில லீக் ஃபைனல்ஸுக்குத் தகுதி பெற ஏஎஃப்எல் ஆட்கள் அந்த டீமுக்காக சீசனில் பாதி ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று எல்லா மாநிலத்திலும் ஒரே கறாரான விதி வேண்டும்.

கே: கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு புதுமுகத்தைக் கொண்டுவருவது முட்டாள்தனம் இல்லையா? வருஷம் முழுக்க ஆடியவருக்கு அநியாயம் அல்லவா? (சிட்னி வாசகர்)

ப: மார்லியன் பிக்கெட்டைக் கேளுங்கள். 2019 மிட்சீசன் டிராஃப்டில் சவுத் ஃபிரிமான்டில் என்ற டபிள்யூஏஎஃப்எல் டீமில் இருந்து ரிச்மண்ட் எடுத்தபோது அவருக்கு 27 வயது, நான்கு குழந்தைகளின் தகப்பன். சீனியரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. செப்டம்பரில் ரிச்மண்ட் ரிசர்வ்ஸ் விஎஃப்எல் கிராண்ட் ஃபைனலில் வில்லியம்ஸ்டவுனை மூன்று புள்ளியில் வென்றது, அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பிக்கெட். அதற்கு முன்பே பிரிலிமினரி ஃபைனலில் ஜாக் கிரஹாமுக்குத் தோள் போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை எம்சிஜியில், 1952இல் காலிங்வுட்டின் கீத் பேட்செலருக்குப் பிறகு யாரும் செய்யாத வகையில், பிக்கெட்டின் முதல் ஏஎஃப்எல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல். முதல் பாதியில் மைதானத்தின் நடுவில் பந்தோடு அப்படியே ஒரு சுழல் சுழன்று எதிராளியைக் காற்றில் தடவ விட்டார் பாருங்கள், அது தயங்குகிற புதுமுகத்தின் ஆட்டமா! மூன்றாம் குவார்ட்டரில் ஒரு கோலும் அடித்தார், மொத்த டீமும் அவர் மேல் விழுந்தது. ரிச்மண்ட் 89 புள்ளியில் வென்றது.

அநியாயம் என்கிறீர்கள். யாருடைய இடத்தில் வந்தார் பாருங்கள். அந்த கிரஹாமே 2017 கிராண்ட் ஃபைனலில் தன் ஐந்தாவது ஆட்டத்தை ஆடி மூன்று கோல் அடித்தவர். அந்த கிளப்பில் ரிசர்வ்ஸ் ஆடும் முறையும் சீனியர் ஆடும் முறையும் ஒன்று, ஆள் மாறினால் வேலை மாறாது. முட்டாள்தனம் எது தெரியுமா, பாதி குணமான தொடையோடு ஒரு நட்சத்திரத்தை இறக்கிவிட்டு முதல் குவார்ட்டரிலேயே அவர் நொண்டிக்கொண்டு வெளியே போவதைப் பார்ப்பது.

கே: கிராண்ட் ஃபைனல் சமனில் முடிந்தால்? (அடிலெய்டு வாசகி)

ப: இப்போது கூடுதல் நேரம். முன்பு அடுத்த வாரம் மறுபடி முழு ஆட்டம். கடைசியாக 2010இல் காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும் 68க்கு 68 என்று நின்று, மறு ஆட்டத்தில் காலிங்வுட் 56 புள்ளியில் ஜெயித்தது. செயின்ட் கில்டாக்காரர்கள் 1966இல் வாங்கிய ஒற்றைக் கோப்பையைத்தான் இன்னும் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

கே: ஃபாதர்-சன் விதி நியாயமா? அப்பா ஆடினார் என்பதற்காகப் பையனை அள்ளிக்கொள்ளலாமா? (பிரிஸ்பேன் வாசகர்)

ப: பிரிஸ்பேனில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்களுக்கு நல்ல தைரியம்! அப்பா கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் போதும், மற்ற கிளப் கேட்கும் விலைக்கு ஈடான டிராஃப்ட் புள்ளிகளைக் கொடுத்து மகனை எடுக்கலாம். மார்கஸ் ஆஷ்கிராஃப்ட் மகன் வில் அப்படித்தான் உங்களிடம் வந்தார், 2024, 2025 இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் அவருக்கே. கடைசி இடத்தில் வந்தவருக்கு முதல் தேர்வு என்பதுதான் டிராஃப்டின் அடிப்படை, அதில் இது ஓட்டை. ஆனால் லிபரடோரே என்ற பெயரை எங்கள் டீம் சட்டையில் இரண்டு தலைமுறையாகப் பார்க்கிற எனக்கு, அந்த ஓட்டையை அடைக்கச் சொல்ல மனசு வரவில்லை. விலையை மட்டும் இன்னும் ஏற்றலாம்.

கே: ரிசர்வ்ஸ் ஆட்டம் நேரில் பார்த்ததில்லை. போகலாமா? பையன் வேறு காலிங்வுட்தான் என்கிறான். (சன்ஷைன் வாசகி)

ப: உங்களுக்குப் பக்கத்திலேயே ஃபுட்ஸ்கிரேயில் விட்டன் ஓவல் இருக்கிறது, போய் வாருங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும், கனமான ஜாக்கெட் அவசியம். குவார்ட்டர் இடைவேளையில் கூட்டத்தோடு மைதானத்துக்குள் இறங்கி, கோச் நடுவில் நின்று காய்ச்சி எடுப்பதை நாலடி தள்ளி நின்று கேட்கலாம். ஆட்டக்காரர்களின் முழங்காலில் சுற்றிய டேப்பும் மூச்சு வாங்குவதும் தெரியும், எம்சிஜியில் எந்த டிக்கெட் வாங்கினாலும் இது கிடைக்காது. பையனைப் பந்தோடு கூட்டிப் போங்கள், உள்ளே உதைத்து விளையாட விடுவார்கள். காலிங்வுட் விஷயத்தில் மட்டும் என்னால் உதவ முடியாது, அவர்கள் நட்சத்திரம் நிக் டேய்கோஸ் ஆடிக்கொண்டிருக்கும் வரை அந்த வயதுப் பையனிடம் பேசிப் பயனில்லை.